தக்காளியின் தரம்: சாறும் நீரும் ஒரே ஆய்வில் சேர வேண்டும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும், தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும், பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பணியாற்றும் விஞ்ஞானிகளுக்கும் பணிவான வணக்கம்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் தக்காளி பயிரிடும் விவசாயி என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்காளியில் தாவரச் சாறு தெளிப்பது பற்றி ஒரு பக்கமும், சொட்டுநீர்ப் பாசனம் பற்றி இன்னொரு பக்கமும் எங்களுக்கு ஆலோசனைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் எந்த அளவு நீருடன் எந்தச் சாற்றை எந்தப் பருவத்தில் தெளித்தால் பழத்தின் தரம் எவ்வளவு மாறும் என்று, எங்கள் மண்ணிலும் எங்கள் வெயிலிலும் அளந்து சொன்ன பரிந்துரை ஒன்று எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. இரண்டையும் ஒரே வயலில், ஒரே ஆய்வில் இணைத்து, மகசூலோடு பழத்தின் தரத்தையும் அளவுகோலாக வைத்துப் பார்த்து, அதன் முடிவை விவசாயி பின்பற்றக்கூடிய வடிவில் வெளியிட வேண்டும் என்பதே நான் கேட்பது.

தரத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளியின் விலை எங்கள் கையில் இல்லை. 2023 ஜூலையில் விலை ஏறியபோது பசுமைப் பண்ணைக் கடைகளிலும் சென்னை ரேஷன் கடைகளிலும் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. வரத்து குவியும் மாதங்களில் அதே தக்காளிக்குப் பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் தேறாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறோம். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு தனி விவசாயி தடுக்க முடியாது. ஆனால் ராயக்கோட்டை மண்டியிலோ பாலக்கோடு மண்டியிலோ விலை சரிந்த நாளில்கூட, கெட்டியான, வெடிப்பில்லாத, தோள் வரை ஒரே சீராகச் சிவந்த பழம் முதலில் ஏலம் போகிறது. வெளியூருக்கு லாரி ஏற்றும் வியாபாரி பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது அதற்காகத்தான். வெடித்த பழமும் அடி கறுத்த பழமும் கழிவாகப் போகும்போது, அதற்காகச் செலவழித்த உரமும் நீரும் ஆள்கூலியும் சேர்ந்தே கழிவாகின்றன. ஆகவே எங்களால் ஓரளவுக்கேனும் கட்டுப்படுத்தக்கூடியது தரம் ஒன்றுதான்.

தக்காளிப் பழத்தில் 94, 95 சதவீதம் தண்ணீர். எஞ்சிய 5, 6 சதவீதத்தில்தான் சர்க்கரை, புளிப்பு, நிறமி, வைட்டமின், நார் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கரையும் திடப்பொருளின் அளவை பிரிக்ஸ் என்று அளக்கிறார்கள். கடைத்தெருவில் விற்கும் கலப்பினத் தக்காளியில் அது பெரும்பாலும் 4 முதல் 5 வரை இருக்கும். இந்த ஒரு புள்ளி வேறுபாட்டைச் சிறிதாக நினைக்க முடியாது. 28 பிரிக்ஸ் உள்ள ஒரு கிலோ தக்காளி விழுது செய்ய 4 பிரிக்ஸ் பழம் ஏறக்குறைய 7 கிலோ வேண்டும். 5 பிரிக்ஸ் பழம் என்றால் 5.6 கிலோ போதும். அதைக் காய்ச்ச ஆகும் எரிபொருளும் அதற்கேற்பக் குறையும். மாங்கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அப்படியிருந்தும், எங்களுக்குக் கிடைக்கும் தொழில்நுட்பக் கையேடுகளில் ஒரு முறையின் வெற்றி ஹெக்டேருக்கு இத்தனை டன் என்ற ஒரே எண்ணில் முடிந்துவிடுகிறது. அந்த டன்னில் எவ்வளவு மண்டியில் முதல் தரமாக விலை போனது, எத்தனை நாள் கெடாமல் இருந்தது என்ற விவரம் அதில் இருப்பதில்லை.

முதலில் நீரைப் பற்றி எழுதுகிறேன். பழத்தின் தரம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. காயின் அடிப்பகுதி கறுத்து, அமுங்கி, தோல்போல் காய்ந்து போகும் அடி அழுகல் என்ற குறைபாட்டை எங்கள் பகுதியில் அறியாதவர்கள் இல்லை. அதைக் கண்டதும் கடைக்காரர் பூஞ்சணக்கொல்லி தருகிறார்; அடுத்த முறை கால்சியம் தெளிக்கச் சொல்கிறார். ஆனால் அது நோய்க்கிருமியால் வருவதல்ல. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் வேரிலிருந்து நீரோட்டத்தோடு மட்டுமே மேலே ஏறுகிறது. இலைகள் அதிகம் நீராவியை வெளிவிடுவதால் அந்த நீரோட்டத்தின் பெரும்பங்கு இலைகளுக்குப் போய்விடுகிறது. மெழுகுத் தோல் போர்த்த காய்க்கு வருவது சொற்பம். காயின் அடிநுனிக்கு வருவது அதிலும் சொற்பம். இலைக்குள் போய்ச் சேர்ந்த கால்சியம் திரும்பிக் காய்க்கு வருவதுமில்லை. ஆகவே பிஞ்சு வேகமாகப் பருக்கும் முதல் இரண்டு வாரங்களில் வேர்ப்பகுதி ஒரு முறை காய்ந்து ஒரு முறை ஊறினால், மண்ணில் கால்சியம் போதிய அளவு இருந்தும் காய்க்குப் பற்றாக்குறை வந்துவிடுகிறது. அமோனியம் உரத்தையும் பொட்டாஷையும் ஒரேயடியாகக் கொடுக்கும்போது இந்தப் பற்றாக்குறை கூடுகிறது. நீரால் வந்த குறையை நீரால்தான் தீர்க்க முடியும்.

பழம் வெடிப்பதும் இதே கதைதான். முற்றிய காயின் தோல் நெகிழ்ச்சியை இழந்துவிடுகிறது. சில நாள் காயவிட்டு, பிறகு மோட்டார் ஓடும் மட்டும் தண்ணீர் விட்டால், உள்ளே நீர் பாயும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் காம்பிலிருந்து கீழ்நோக்கியோ காம்பைச் சுற்றி வளையமாகவோ பிளக்கிறது. கோடை மழை பெய்த மறுநாள் பறிப்பில் பாதிக்குப் பாதி வெடித்த பழமாக வருவதை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் யார்? மழைக்கு முன் மண்ணின் ஈரத்தைச் சீராக வைத்திருந்தவர் வயலில் சேதம் குறைவாக இருப்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்த இடத்தில் அரசின் சொட்டுநீர்த் திட்டத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருவது மிகப் பெரிய உதவி. அது இல்லாவிட்டால் எங்கள் பகுதியில் கிணற்றை நம்பிய தக்காளி சாகுபடி இந்த அளவுக்கு நின்றிருக்காது. ஆனால் குழாய் வந்த அளவுக்குப் பாசன அட்டவணை வரவில்லை. மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் ஓடுகிறது. கிணற்றில் நீர் இருக்கும் வரை ஓடுகிறது. செடி எவ்வளவு கேட்கிறது என்பதற்கும் நாங்கள் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்கும் தொடர்பே இல்லை. மேட்டுப்பாத்தியும் மண்ணை மூடும் நிலப்போர்வையும் சொட்டுநீரும் இருக்கும் வயலில்கூட அடி அழுகலும் வெடிப்பும் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

செடியின் தேவையைக் கணக்கிடுவது முடியாத காரியமல்ல. உலக உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி, நடவுக்குப் பின் 90 முதல் 120 நாள் நிற்கும் தக்காளிக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஏக்கருக்கு இது 16 முதல் 24 லட்சம் லிட்டர். அதே நிறுவனத்தின் பயிர்க் கெழு, அதாவது ஒரு நாளின் ஆவியாதலை எந்த எண்ணால் பெருக்கினால் பயிரின் நீர்த் தேவை கிடைக்குமோ அந்த எண், இளம் நாற்றுப் பருவத்தில் 0.6, காய்ப்பின் உச்சத்தில் 1.15. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் வெயிலில் உச்சப் பருவத் தக்காளி ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 23,000 லிட்டர் குடிக்கும். நிலப்போர்வை விரித்திருந்தால் இதில் 10 முதல் 30 சதவீதம் குறையும். செம்மண் கலந்த மணற்பாங்கான எங்கள் நிலம் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் நீரைச் செடிக்குத் தரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், 40 சென்டிமீட்டர் வேர் ஆழத்தில் இருப்பது 40 மில்லிமீட்டர்; அதில் செடி வாடாமல் எடுக்கக்கூடியது ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 16 மில்லிமீட்டர்தான். அது மூன்று நாளைக்கு வரும். சொட்டுநீரில் செடியைச் சுற்றியுள்ள பகுதி மட்டுமே நனைவதால் உண்மையான கெடு இன்னும் குறுகியது. ஐந்து நாளுக்கு ஒரு முறை வயிறு முட்டத் தண்ணீர் விடும் பழக்கம் இந்த மண்ணில் ஏன் பழத்தைக் கெடுக்கிறது என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடும். இப்படிப்பட்ட கணக்கை ஒவ்வொரு வட்டாரத்துக்கும், ஒவ்வொரு பட்டத்துக்கும் போட்டுத் தரும் பொறுப்பு தங்களுடையது என்பதே என் பணிவான கருத்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீரை ஓரளவு குறைத்தால் பழத்தின் இனிப்பும் புளிப்பும் கூடும், கரையும் திடப்பொருள் கூடும், பல சமயம் நிறமும் வைட்டமின் சி அளவும் கூடும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. அதற்கு விலையாகப் பழம் சிறுத்து எடை குறையும். கலிபோர்னியாவில் விழுதுக்காகத் தக்காளி பயிரிடுபவர்கள் அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன்பே பாசனத்தைக் குறைத்து, பிறகு நிறுத்தியும் விடுகிறார்கள். அதை அப்படியே எடுத்து எங்களுக்குச் சொல்வது பொருந்தாது. அவர்கள் ஒரே முறையில் இயந்திரத்தால் மொத்தமாக அறுவடை செய்கிறார்கள். நாங்கள் குச்சி நட்டு, கயிறு கட்டி, ஒன்றரை இரண்டு மாதம் தொடர்ந்து பறிக்கிறோம். எங்கள் செடியில் கீழ்க்கொத்து பழுக்கும்போது நடுக்கொத்து பிஞ்சாக இருக்கிறது. மேல்கொத்து பூவாக இருக்கிறது. பழுக்கும் கொத்துக்கு நன்மை செய்யும் அதே நீர்க்குறைப்பு, பிஞ்சுக்கு அடி அழுகலையும் பூவுக்கு உதிர்தலையும் கொண்டுவரும். எத்தனையாவது பறிப்புக்குப் பின், எத்தனை சதவீதம், எந்த மாதத்தில் குறைக்கலாம் என்பதை இங்கே, இந்தக் கலப்பினங்களில், இந்தப் பறிப்பு முறையில்தான் கண்டறிய வேண்டும். பயிரின் எஞ்சிய காலத்துக்கு 20 சதவீதம் நீர் மிச்சமானாலே கிணறு வற்றும் வைகாசியில் அது ஒரு பறிப்பைக் காப்பாற்றும்.

இனி சாறுகளைப் பற்றி. இங்கே ஒரு தெளிவை முதலில் வேண்டுகிறேன். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தெளிப்பது காய்ப்புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் எதிரான பயிர்ப் பாதுகாப்பு. 2014-ல் புனே பகுதியில் முதலில் கண்டறியப்பட்டுப் பின் தென்மாநிலங்களிலும் பரவிய ஊசித் துளைப்பான் புழு வந்த பிறகு அதன் தேவை இன்னும் கூடியிருக்கிறது. பூச்சி குடையாத பழம் நல்ல பழம் என்ற அளவில் அதுவும் தரத்துக்கு உதவுகிறது. ஆனால் செடியின் உள்ளே வளர்சிதை மாற்றத்தைத் தூண்டிப் பழத்தின் சாரத்தைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் சாறுகள் வேறு வகை. முருங்கை இலைச் சாறு, கடற்பாசிச் சாறு, அரப்பு மோர்க் கரைசல், தேங்காயும் மோரும் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேமோர்க் கரைசல் ஆகியவை அந்த வகையில் வருகின்றன. களத்தில் இரண்டும் ஒரே தொட்டியில் கலக்கப்படுகின்றன; பலன் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

இவற்றில் முருங்கையைப் பற்றித்தான் அதிக நம்பிக்கையோடு எழுத விரும்புகிறேன். நிகரகுவாவில் ஃபோய்டில் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இளம் முருங்கை இலையை அரைத்துப் பிழிந்து, ஏறக்குறைய 30 மடங்கு நீரில் கலந்து பல பயிர்களில் தெளித்துப் பார்த்து வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு, பாகிஸ்தானிலும் ஜிம்பாப்வேயிலும் எகிப்திலும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள், தக்காளியிலும் பார்த்திருக்கிறார்கள். முருங்கை இலையில் ஜியாட்டின் என்ற சைட்டோகைனின் வளர்ச்சி ஊக்கி இருக்கிறது. அதோடு வைட்டமின் சி, ஃபீனால் பொருட்கள், கால்சியம், பொட்டாசியம் ஆகியவையும் இருக்கின்றன. சைட்டோகைனின் இலை மூப்படைவதைத் தள்ளிப்போடுகிறது. இலை பசுமையாக நின்றால் பழத்துக்குச் சர்க்கரை அனுப்பும் வேலை நீடிக்கிறது. பழத்தின் மேல் நிழலும் நீடிக்கிறது. பின்னதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி 30 பாகை செல்சியஸுக்கு மேல் சரியாக உருவாவதில்லை; அதனால்தான் சித்திரை வெயிலில் பழம் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்கிறது, இலையில்லாத பக்கம் வெந்து வெளுக்கிறது.

முருங்கைக்கு நாம் வெளிநாட்டு ஆய்வை எதிர்பார்த்து நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பி.கே.எம். 1 செடிமுருங்கை பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது, பி.கே.எம். 1 தக்காளியும் அதே வளாகத்தில் உருவானது. 2021-ல் தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் முருங்கைக்கென ஏற்றுமதி மண்டலமே அறிவிக்கப்பட்டது. கவாத்து செய்யும்போது வெட்டித் தள்ளும் இலையும் கொப்பும் வயல் ஓரத்தில் காய்ந்துபோகின்றன. ஒரு வளாகத்தில் பிறந்த இரண்டு பயிர்களில் ஒன்றின் இலை மற்றதன் பழத்துக்கு உதவுமா என்ற கேள்விக்கு, தங்கள் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு ஒரு பதில் வர வேண்டும் என்று கேட்பது மிகையான ஆசை அல்ல என்று நினைக்கிறேன்.

பதில் எளிதாக வராது என்பதையும் உணர்கிறேன். முருங்கை இலையில் ஜியாட்டின் அளவு கிராமுக்கு 5 மைக்ரோகிராம் முதல் 200 மைக்ரோகிராம் வரை இருப்பதாக எழுதப்பட்டிருக்கிறது; நாற்பது மடங்கு வேறுபாடு. கொழுந்தா முற்றலா, எந்த மரம், காலையில் பறித்ததா மாலையில் பறித்ததா, அரைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்துச் சாற்றின் வலிமை மாறும். பிழிந்த சாற்றைச் சில மணி நேரத்துக்குள் தெளிக்க வேண்டும் என்பதும் பலர் அறியாதது. இரவு ஊறவைத்து மறுநாள் மதியம் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். இலையின் வயது, அரைக்கும் விகிதம், கலக்கும் நீரின் அளவு, தெளிக்கும் நேரம் ஆகியவற்றை வரையறுத்துத் தந்தால்தான் ஒரு ஊரில் கிடைத்த பலன் அடுத்த ஊரிலும் கிடைக்கும்.

அரப்பு மோர்க் கரைசலும் தேமோர்க் கரைசலும் இயற்கை விவசாயிகளிடம் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளவை. அரப்பு இலையை அரைத்து மோரில் ஒரு வாரம் புளிக்கவைத்து, பத்து மடங்கு நீரில் கலந்து பூக்கும் பருவத்தில் தெளித்தால் பூ உதிர்வது குறைகிறது என்று பலரும் சொல்கிறார்கள். இளநீரில் ஜியாட்டின் வகைப் பொருட்கள் இருப்பது அறிவியல் உலகம் அறிந்ததே. ஆனால் இந்தக் கரைசல்களால் தக்காளியின் பிரிக்ஸ் கூடுகிறதா, கெட்டித்தன்மை கூடுகிறதா என்று அளந்து பார்க்கும் வேலை விவசாயியால் ஆகாது. இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். புளிக்கவைத்த கரைசல்களையும் 3 சதவீதப் பஞ்சகவ்யத்தையும், பச்சையாக உண்ணப்படும் ஒரு பழத்தின் மேல் பறிப்புக்கு எத்தனை நாள் முன்பு வரை தெளிக்கலாம்? நாட்டு முறை என்பதற்காக இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், நாளை அந்த முறைக்கே கெட்ட பெயர் வரும்.

கடற்பாசிச் சாற்றுக்கும் இந்த மாநிலத்தோடு நேரடி உறவு உண்டு. மண்டபம், பாம்பன் கடலோரத்தில் மிதவைகளில் கப்பாஃபைக்கஸ் என்ற சிவப்புக் கடற்பாசியை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் மீனவப் பெண்கள். காயவைக்காத ஈரப் பாசியைப் பிழிந்து சாற்றைப் பிரித்தெடுக்கும் முறையைப் பவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அந்தச் சாறு இப்போது எல்லா உரக்கடைகளிலும் பல பெயர்களில் கிடைக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் குப்பியில் எவ்வளவு உண்மையான பாசிச் சாறு இருக்கிறது என்பதை அறிய விவசாயிக்கு வழியில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, செடியின் வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களுக்கான உயிர்த்தூண்டிகள் என்ற பிரிவில் தாவரச் சாறுகளையும் கடற்பாசிச் சாறுகளையும் கொண்டுவந்தது. அவற்றில் பூச்சிக்கொல்லி எச்சம் 0.01 பி.பி.எம். (ஒரு பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. இந்த விதியை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். அதைக் களத்தில் காக்கும் மாதிரி எடுப்பும் ஆய்வும் வட்டார அளவில் நடக்க வேண்டும். முடிவுகள் உழவருக்குத் தெரியும்படி வேளாண் விரிவாக்க மையத்தில் ஒட்டப்பட வேண்டும். அதே சமயம், முருங்கைச் சாற்றை முறையாகத் தயாரித்துத் தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்க முன்வரும் ஒரு சிறிய உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், நச்சுத்தன்மைச் சோதனைக்கும் களச் சோதனைக்கும் ஆகும் செலவைத் தாங்க முடியாது. அந்தச் சோதனைகளைப் பல்கலைக்கழகம் குறைந்த கட்டணத்தில் செய்து தர முடியுமானால் பெரும் தடை ஒன்று நீங்கும்.

நீரையும் சாற்றையும் ஏன் ஒன்றாக ஆராய வேண்டும் என்பதற்கு வருகிறேன். உயிர்த்தூண்டிகளைப் பற்றிச் சொல்லப்படும் முக்கியமான பலன், வறட்சியையும் வெப்பத்தையும் செடி தாங்கிக்கொள்ள உதவும் என்பதுதான். அப்படியானால் நீர் தாராளமாகக் கிடைக்கும் ஆராய்ச்சி வயலில் தெளித்துப் பார்த்தால் அந்தப் பலன் தெரியாமலேயே போகலாம். எதிர்ப்பக்கமாக, வாடி நிற்கும் செடியின் இலைத்துளைகள் மூடியிருக்கும் நேரத்தில் தெளித்தால், சாறு இலையின் மேல் காய்ந்து வீணாகலாம். அடி அழுகலைப் பொறுத்தவரை, நீரோட்டம் சீராக இல்லாத செடிக்கு எந்தச் சாறும் காயின் நுனிக்குக் கால்சியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. நீர் எவ்வளவு என்ற விவரம் இல்லாமல் சாற்றைப் பரிந்துரைப்பதும், செடியின் தாங்குதிறனை உயர்த்தும் வழி இருக்கிறதா என்று பாராமல் நீரைக் குறைக்கச் சொல்வதும் இரண்டுமே அரைகுறையான ஆலோசனைகள். முழு அளவு நீர் பெற்ற செடியின் மகசூலையும், 20 சதவீதம் குறைந்த நீர் பெற்ற செடியின் இனிப்பையும், தெளிக்கப்பட்ட சாறு ஒரே செடியில் சேர்த்துத் தருமா? இதுவே நான் விடை கேட்கும் கேள்வி.

ஆய்வின் அமைப்பை வகுக்கத் தகுதியுள்ளவர்கள் தாங்களே. ஒரு விவசாயியின் பார்வையில் தவறவிடக் கூடாதவை என்று நான் எண்ணுவதை மட்டும் முன்வைக்கிறேன். முழுத் தேவை, முக்கால் பங்குக்குச் சற்று மேல், பாதிக்குச் சற்று மேல் என்று குறைந்தது மூன்று நீர் அளவுகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முருங்கைச் சாறு, கடற்பாசிச் சாறு, அரப்பு மோர் ஆகியவற்றோடு வெறும் தண்ணீர் தெளித்த பாத்தியும் இருக்க வேண்டும். சாறு தெளித்த பாத்தியை ஒன்றுமே தெளிக்காத பாத்தியோடு ஒப்பிட்டால், தண்ணீர் தெளித்த குளிர்ச்சியால் வந்த பலனும் சாற்றின் கணக்கில் ஏறிவிடும். கிணற்று நீரின் உப்புத்தன்மையைப் பதிவு செய்ய வேண்டும். உப்பு நீர் தானாகவே பிரிக்ஸைக் கூட்டும், கூடவே அடி அழுகலையும் கூட்டும், அதனால் முடிவு குழம்பும். ஒரு பட்டத்தின் முடிவை மற்ற பட்டத்துக்கு நீட்டாமல், கார்த்திகை நடவையும் மாசி நடவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கடைகளில் எல்லோரும் வாங்கும் தனியார் கலப்பினங்களோடு, கோ 3 கலப்பினமும் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்கும் இடம்பெற்றால் நல்லது.

அளக்க வேண்டியவற்றில் பிரிக்ஸும் புளிப்பும் கெட்டித்தன்மையும் லைக்கோபீனும் இருக்கும் என்று அறிவேன். அவற்றோடு வெடித்த பழத்தின் சதவீதம், அடி அழுகிய காயின் சதவீதம், மண்டியில் முதல் தரமாக எடுக்கப்பட்ட எடை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டுகிறேன். பழத்தை வைத்திருந்து பார்க்கும் சோதனை குளிர் அறையில் நடந்தால் எங்களுக்குப் பயனில்லை. எங்கள் பழம் தார்ப்பாய் போர்த்திய லாரியில், வெயிலில் போகிறது. சாதாரண அறை வெப்பத்தில், பெட்டியில் அடுக்கிய நிலையில் எத்தனை நாள் தாங்குகிறது என்பதுதான் வேண்டும். இவை எல்லாவற்றையும் ஆராய்ச்சி நிலையத்தின் நல்ல மண்ணில் மட்டும் செய்யாமல், பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டைப் பகுதிகளின் விவசாயி வயல்களிலும் செய்ய வேண்டும்.

ஆய்வு முடியக் காலமாகும். அதுவரை செய்யக்கூடிய சிலவும் இருக்கின்றன. சொட்டுநீர் மானியத்தோடு மண்ணின் ஈரத்தைக் காட்டும் கருவி ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளால் ஈரநிலையைக் காட்டும் எளிய கருவியைக் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து வால்வைத் திறக்கலாம், மூடலாம். ஒவ்வொரு வேளாண் அறிவியல் நிலையத்திலும் உழவர் சந்தையிலும் ஒரு பிரிக்ஸ் மானி இருந்தால், தன் பழத்தின் சாரம் எவ்வளவு என்பதை விவசாயி முதல் முறையாக எண்ணால் அறிவார். உழவர் சந்தையிலாவது தரத்துக்கேற்ற விலைப் பலகை வைத்துப் பார்க்கலாம். நல்ல பழத்துக்குக் கூடுதல் விலை இல்லையென்றால், எடையைக் குறைத்துச் சாரத்தைக் கூட்டும் எந்த முறையையும் எந்த விவசாயியும் கையாள மாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

வரும் கார்த்திகைப் பட்டத்தில் இப்படியொரு ஆய்வைத் தொடங்கத் தாங்கள் முடிவு செய்தால், சொட்டுநீர் வசதியுள்ள என் நிலத்தில் தேவையான பகுதியைப் பயிர்க்காலம் முழுவதும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். நீர் விட்ட நேரம், அளவு, தெளித்த நாள், ஒவ்வொரு பறிப்பின் தரவாரியான எடை ஆகியவற்றைத் தாங்கள் தரும் பதிவேட்டில் நாள்தோறும் எழுதித் தருவேன். சோதனைப் பாத்திகளில் மகசூல் குறைந்தால் இழப்பீடு கேட்க மாட்டேன். நாற்று விடுவதற்கு ஐப்பசி முதல் வாரம் கடைசிக் கெடு என்பதால், அதற்கு முன் பையூர் நிலையத்திலோ பாப்பாரப்பட்டியிலோ விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் உட்காரவைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலக்கோடு வட்டத் தக்காளி விவசாயி